எங்களுக்கு ஆவாது

என் நைனாவைத் தீண்டாமை பார்ப்பவர் என்று ஒரு பல்கலைக்கழகம் அச்சடித்தது. அறுபதுகளில் நடந்த கதை. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. காலம் ஆற்றிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

செஞ்சியில் நைனா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. நாங்கள் சமணர்கள், ஊரார் எங்களை நைனார் என்பார்கள். விளக்கு வைத்தபின் எங்கள் வீட்டில் யார் பல்லிலும் தண்ணீர் படாது, அடுப்பும் எரியாது. வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சி சோற்றிலோ தீயிலோ விழுந்து சாகக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஊரில் இது தெரியாதவர் இல்லை. சாயங்காலம் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட, "நைனாருக்குச் சாப்பாடு ஆயிருக்கும்" என்று காபிக்குக் காத்திராமல் கிளம்பிவிடுவார்கள்.

நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த வளாகம் வேறு உலகம். பல நாட்டுக்காரர்கள் அங்கே படித்தார்கள், பாடம் நடத்தினார்கள். எனக்கு வழிகாட்டி ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர். இந்த நாட்டில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யாரோடு மாட்டார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. உங்கள் ஊரைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாளே ஊருக்குப் போய் வீட்டில் சொல்லிவைத்தேன்.

பேராசிரியரும் மொழிபெயர்க்க ஒருவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகப் பேச்சு. வழியில் தொண்டூருக்குப் போய்ப் பாறையில் வெட்டிய சமணப் படுக்கைகளைப் பார்த்தார்கள். ஜீப் மண்ணில் சிக்கிக்கொண்டது. அவர்கள் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. சமைத்ததெல்லாம் ஆறிப் போயிருந்தது. அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா தலையாட்டினார். அம்மா உள்ளே போய் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

கூடத்தில் இலை போட்டுச் சூடாகப் பரிமாறினோம். நீங்களும் உட்காருங்கள் என்று பேராசிரியர் நைனாவுக்கு ஜாடை காட்டினார். நைனா கைகூப்பினார்.

"பொழுது போயிடுச்சிங்க. எங்களுக்கு ஆவாது. நீங்க சாப்புடுங்க."

மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் துறையிலேயே எனக்கு மூத்த மாணவர், சென்னைக்காரர். வாசலில் ஷூவைக் கழற்றச் சொன்னதற்கே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டவர். நானும் அம்மாவும் சாம்பாரை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மகானுபாவர் 'பொழுது போயிடுச்சி'யை விட்டுவிட்டார், 'ஆவாது' என்பதை மட்டும் ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தார். உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது இவர்களுக்கு ஆகாதாம். இப்படித்தான் ஒரு மனுஷனின் மானம் போனது.

இது எனக்கு வளாகத்துப் பத்திரிகையின் ஆராய்ச்சிச் செய்திப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. செஞ்சிச் சமண வியாபாரி ஒருவர் அயலாருக்குச் சோறு போட்டார், ஆனால் தீட்டுக்குப் பயந்து கூட உட்கார்ந்து உண்ண மறுத்தார் என்று போட்டிருந்தது. கையில் பத்திரிகையோடு பேராசிரியர் அறைக்கு ஓடினேன். அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள், வேறெதுவும் கேட்கவில்லை என்றேன். விளக்கை, பூச்சியை, எல்லாவற்றையும் விளக்கினேன். சென்னைக்காரர் பக்கத்திலேயே நின்றார். "ஆவாதுன்னா ஆகாதுதானே?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அது உங்கள் சொந்த வீடு, உங்களால் தள்ளி நின்று பார்க்க முடியவில்லை என்றார். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பிட்டவருக்கு எல்லாம் தெரியும், அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது!

செய்தியை ஒரு தமிழ்ப் பத்திரிகையும் எடுத்துப் போட்டது. அவலூர்பேட்டைச் சந்தையில் ஒருவன் நாலு பேர் நடுவில் நைனாவை நிறுத்தி, "இன்னா நைனாரே, மத்தவங்க கூட குந்தி சாப்புட மாட்டியாமே?" என்று கேட்டிருக்கிறான். மண்டிக்கு மூட்டை கொண்டுவரும் வண்டிக்காரர்களோடு தினமும் மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் நைனா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம்.

கொஞ்ச நாளில், இதையே விரித்துப் பேராசிரியர் எழுதிய கட்டுரையை ஒரு வெளிநாட்டு இதழ் ஏற்றுக்கொண்டது. வளாகத்துப் புல்வெளியில் விளக்குப் போட்டு விருந்து வைத்தார்கள். பேராசிரியரே ஒரு தட்டில் பிஸ்கட்டும் பழமும் வைத்து என்னிடம் நீட்டினார். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். சாப்பிட்டால் பிறந்ததிலிருந்து விடாத ஒன்றை விட வேண்டும். சாப்பிடாவிட்டால் அவர் எழுதியதற்கு நானே சாட்சி. பொழுது போய்விட்டது, எனக்கு ஆகாது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். பேராசிரியர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

மறுநாள் காலையில் அவர் குடியிருப்புக்கே போனேன். ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்காமல் எதிரில் உட்கார்ந்தேன். அவர் பிட்டு வைத்திருந்த ரொட்டியை அவர் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றேன். "இப்போது வெளிச்சமாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். சந்தோஷமாகக் கைகுலுக்கினார். ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பினேன்.

கட்டுரை வெளிவந்தது. அந்த வரி அப்படியே இருந்தது. கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு மட்டும் புதிதாக முளைத்திருந்தது. அக்குடும்பத்தின் மகள், வளாகக் கல்வியின் பயனாக, இவ்வழக்கத்தைக் கைவிட்டுவிட்டாராம்.

அன்றைக்கே என் ஆராய்ச்சி இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். அவர் கையெழுத்தில் எனக்கு ஒரு பட்டமும் வேண்டாம். விடுதியில் எல்லோரும் பைத்தியம் என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு செஞ்சிக்கு பஸ் ஏறினேன்.

நைனா மண்டியில் இருந்தார். ஏன் வந்துவிட்டாய் என்று கேட்கவில்லை. என் கையிலிருந்த இதழைப் பார்த்தார்.

"இன்னாம்மா போட்டிருக்குது அதுல?"

ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன். நைனா மூட்டையிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தார். தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பொழுது போயி நம்ம ஊட்டு அடுப்பு எரிஞ்சது அன்னிக்கு ஒருநாளுதான். அவங்களுக்கோசரம் உங்கம்மா பத்த வச்சா. அத எங்கனா போட்டிருக்குதா?"

"இல்ல நைனா."