இரண்டு வீட்டுக்கு ஒரு குடும்பம்

புருஷனிடமிருந்து தீர்த்துக்கொண்டு போய்விடலாம் என்று நான் முடிவெடுத்தபோது வெள்ளைக்காரத் துரை இன்னும் பங்களாவில்தான் இருந்தார். அவர் இருந்த நாளிலேயே அது நடந்திருந்தால், கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் நடக்கும் எத்தனையோ சண்டைகளில் ஒன்றாக அது முடிந்திருக்கும். எழுதி வைக்க ஒன்றும் இருந்திருக்காது.

மலாயாவில், சிரம்பான் டவுனுக்குப் பக்கம் மந்தினிலிருந்து செம்மண் சடக்கில் உள்ளே நடந்தால் எங்கள் ரப்பர் தோட்டம். கீழ்லயத்தில் எங்கள் வீடு. ஓடையைத் தாண்டி மேல்லயத்தில் என் அண்ணன் வீடு. அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனபின் அண்ணன்தான் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். தனக்கென்று ஒரு பெண் பார்த்துக்கொள்ள அவருக்கு வாய்க்கவில்லை. என் புருஷன் நல்ல பால்வெட்டுக்காரர். மரத்துக்கு நோகாமல் பட்டை சீவுகிறவர் என்று கங்காணியே மெச்சுவார். வீட்டுக்குள் அந்தக் கை வேறு மாதிரி இருந்தது. ஒருமுறை என் வலது மணிக்கட்டை முறுக்கியதில் எலும்பு பிசகி, கோணலாகவே சேர்ந்துவிட்டது. அதன்பிறகு இடது கையால் பால் வெட்டப் பழகிக்கொண்டேன். மகளுக்கு மூன்று வயது முடிந்த மாதம், அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் கல்யாணங்களுக்கு அப்போது பத்திரம் எதுவும் கிடையாது. மாரியம்மன் கோயிலில் தாலி ஏறும். ஒத்துவராவிட்டால் அதே கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடும். தாலியைக் கழற்றி வைத்துவிட்டு அவரவர் வழியில் போகலாம். பிள்ளை யாருக்கு என்பதில்தான் சிக்கல். அதில் பஞ்சாயத்து எப்போதும் தகப்பன் பக்கமே பேசும். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தி சிரம்பான் லேபர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும், புருஷன் சம்பளத்தில் பிள்ளைக்கு ஒரு பங்கு பிடித்துக் கொடுக்கவும் உத்தரவு வாங்கியிருந்தாள். நான் அவளைத் தேடிப் போய்ப் பார்த்தேன்.

"அங்க போயி அழுவாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அழுதா, சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிருவாங்க," என்றாள்.

நான் சிரம்பானுக்குக் கிளம்பவிருந்த வாரத்தில் துரை குடும்பத்தோடு காரில் ஏறி சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார். அவர் பின்னாலேயே ஜப்பான்காரன் வந்தான். லேபர் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது என்று சிரம்பானிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு தோட்டத்தை நடத்தியது ஆபீசில் கணக்கெழுதும் கிராணிதான். பால் வெட்டு நின்றது. மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் மரவள்ளி நட்டோம். அரிசி வீட்டுக்கு இத்தனை தலை என்று கிராணியின் நோட்டைப் பார்த்து அளக்கப்பட்டது. என் புருஷன் என்னைக் கூப்பிட வரவும் இல்லை, வழிமறிக்கவும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. கடைசியில் அண்ணன் கங்காணியிடம் பேசி, பஞ்சாயத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். "போறவ போகட்டும். புள்ளயும் அவகிட்டயே இருக்கட்டும்," என்று என் புருஷன் சொல்லியனுப்பியதாகக் கேள்விப்பட்டு அன்றைக்கு வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் கோயில் முன்னால் ஆண்கள் கூடியிருந்தார்கள். கிராணியும் வந்திருந்தார். அதற்குமுன் அவர் எந்தப் பஞ்சாயத்துக்கும் வந்ததில்லை. கையில் நோட்டு இருந்தது.

கங்காணி வளவளக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே? அப்ப தாலியக் கழட்டி அம்மன் முன்னால வையி."

நான் கழுத்தில் கை வைத்தேன்.

"எனக்குச் சம்மதம் இல்லே," என்றார் என் புருஷன்.

"என்னய்யா இது? போன வாரம் சரின்னு சொன்னியே?"

"போன வாரம் சயாம் இல்லே கங்காணி."

கிராணி தொண்டையைச் செருமினார். "சயாமுக்கு ரயில் ஓடக் கம்பிச்சடக்கு போட ஜப்பான்காரன் ஆள் கேக்குறான். தோட்டத்துக்கு இவ்வளவுன்னு சொல்லிட்டான். குடும்பம் இல்லாத ஆளுங்கள மொதல்ல எழுதச் சொல்றான். வீட்டுல பொண்டாட்டி, புள்ள, தங்கச்சின்னு யாராச்சும் ஒருத்தன நம்பி இருந்தா அந்த வீட்ட அப்புறம் பாத்துக்கலாங்கிறான். ஆளுங்க வந்து வீடு வீடா எண்ணுவாங்களாம். நான் என்ன செய்ய முடியும்?"

அப்போதுதான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மனைவி இல்லை. நானும் என் மகளும் அவர் வீட்டில் இருப்பதால்தான் அவரும் குடும்பக்காரர். எனக்குமுன் அவருக்கு இது தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை.

கங்காணி சொன்னார்: "இருக்கிறது ஒரு குடும்பம், காப்பாத்த வேண்டியது ரெண்டு வீடு. தீக்கிறத அப்புறம் பாப்போம். புள்ள அப்பன் வீட்டுல இருக்கட்டும். ஆத்தாக்காரி அண்ணன் வீட்டுல இருக்கட்டும். ரெண்டு உசுரும் தப்பும்."

"நல்ல யோசனை," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பலர் தலையாட்டினார்கள்.

"நாலு வயசுப் புள்ள. எனக்கு அவ வேணுங்க," என்றேன். அழக்கூடாது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரி சொன்னது நினைவில் இருந்தது. அழவில்லை.

"ஓடைக்கு அந்தப் பக்கந்தானேம்மா இருக்கப் போறா," என்றார் கங்காணி. நிஜமாகவே ஆறுதலாகத்தான் சொன்னார். "சயாமுக்கா போறா?"

இந்தத் தீர்ப்பைப் பல வருஷங்களாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கெடுதல் நினைத்தவர் என்று அங்கே ஒருவரையும் காட்ட முடியவில்லை. அன்று சாயங்காலம் என் புருஷன் வந்து மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவள் சிரித்துக்கொண்டே போனாள். அப்பா தூக்கியது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

அதன்பிறகு ஓடைதான் எல்லை. நான் துணி துவைக்கப் போகும் நேரத்தில் அவள் எதிர்க்கரையில் வந்து நிற்பாள். தாண்டிவர என் புருஷனின் அனுமதி கிடையாது. நான் அவளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் அடுத்த நாளே தன் பேர் நோட்டில் ஏறிவிடும் என்று அவருக்குப் பயம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் மூடிக் கிடந்தது. மரவள்ளிக் காட்டுக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளையை யாரிடம் விடுவது? ஒரு பழைய வேட்டியைக் கிழித்து, ஒரு நுனியை அவள் இடுப்பிலும் மறு நுனியைக் கதவு நிலையிலும் கட்டிவிட்டுப் போவார். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. "அடிக்கிறதில்ல தங்கச்சி, அது மட்டும் சொல்லுவேன். ஆனா புள்ளைக்கு வேளைக்குக் குடுக்கத் தெரியல. கெழங்க அவிச்சு முன்னால வச்சிட்டுப் போயிருது," என்றாள்.

நான் அவரை மரவள்ளிக் காட்டு ஓரத்தில் நிறுத்திக் கேட்டேன். "பேரு ஒங்க வீட்டுலயே இருக்கட்டும். பகல்ல மட்டும் புள்ளய எங்கிட்ட விடுங்க."

"பகல்லதான் எண்ண வருவான்."

"வந்தா ஓடிவந்து விட்டுர்றேன்."

"புள்ள வேணும்னா நீ வா. கதவு தெறந்துதான் இருக்கு."

"நான் வந்துட்டா அண்ணன் வீடு காலியாயிரும்."

"அது ஒங்கண்ணன் பாடு."

இதைச் சொன்னபோது அவர் குரலில் வன்மம் இல்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சடக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பல வருஷம் நான் அவருக்குப் பயந்தது போலவே அவர் பயந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்தபின் அவரை வெறுப்பதுகூட எனக்குச் சுலபமாக இல்லை.

கிராணியிடம் போனேன். "இதுக்கு யாரப் பாக்கணும் ஐயா? சிரம்பானுக்குப் போனா யாராச்சும் கேப்பாங்களா?"

அவர் நோட்டின் மேல் கையை வைத்தார். "இப்ப சட்டம் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியாதும்மா. இதுதான் இருக்கு."

ஓடிப்போய்விடலாம் என்றும் யோசித்தேன். காட்டுக்குள் ஓடிய ஆண்களின் வீட்டுக்கு அரிசி நின்றதைப் பார்த்திருந்தேன். பிள்ளையோடு எங்கே ஓடுவது? எந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தாலும் சயாமுக்குப் போக ஒரு ஆள் நின்றார். ஒன்று அண்ணன், ஒன்று மகளின் அப்பா.

மழை தொடங்கிய சமயம், பக்கத்து வீட்டுக்காரி ஓடைக்கரையில் நின்று என்னைக் கூப்பிட்டாள். மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நான் தண்ணீரில் இறங்கி அப்படியே நடந்தேன். வீட்டுக்குள் அவள் சாக்கின் மேல் படுத்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. இடுப்பில் துணி கட்டிய இடம் புண்ணாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை. "வேலைக்குப் போவலியா?" என்று கேட்டாள்.

நான் உட்கார்ந்தேன். அன்று திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. என் புருஷன் ஒன்றும் கேட்காமல் அடுப்புப் பற்றவைத்தார்.

மூன்றாம் நாள் அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"காய்ச்சல் எறங்கட்டும்ணே. வந்துர்றேன்," என்றேன்.

அவர் உள்ளே பிள்ளையை எட்டிப் பார்த்தார். அவள் கால்களை வெகுநேரம் பார்த்தார்.

"எப்படி வருவ? இவள விட்டுட்டு வருவியா?"

நான் அவள் நெற்றியில் ஈரத் துணியை மாற்றிப் போட்டேன்.

"இருந்துக்கோ. கிராணிகிட்ட நான் பேசிக்கிறேன்லா."

கிராணியிடம் பேசி எப்படியோ தன் பேரைத் தள்ளிப் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வதுதான் எனக்கு வசதியாக இருந்தது. நான்கு நாள் கழித்து, காலையில், ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் லாரி வந்து நின்றபோது, கையில் ஒரு சாக்குப்பையோடு அண்ணன் வரிசையில் நின்றார். கிராணி கேட்பதற்கு முன்பே அவரே போய்த் தன் பேரை எழுதச் சொல்லியிருக்கிறார்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சாப்டேன். மூணு மாசந்தாங்கிறான். கொல்லையில கீரை முத்திப் போச்சு, பறிச்சு வச்சிக்க," என்றார். மகளின் காலை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு லாரியில் ஏறினார்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். லாரி கிளம்பியபோது என் நெஞ்சு வெடித்தது உண்மை. அதே நேரத்தில், மகளின் உடம்புச் சூடு என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது; அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பக்கத்தில் என் புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுசன்," என்றார். அந்த வாயைக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது.

அதன்பிறகு ஒன்றரை வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் இருந்தேன். அந்தக் காலம் முழுவதும் அவர் என் மேல் கை வைக்கவில்லை. நான் வெளியே போனால் அடுத்த லாரியில் அவர் இருப்பார். அதனால் கிழங்கில் பெரிய துண்டை என் தட்டில் வைப்பார். விறகு அவரே பிளப்பார். நான் லேசாக முகம் சுளித்தாலும் பதறுவார். அடி வாங்கிய நாட்களில்கூட எனக்கு அந்த வீடு அவ்வளவு மூச்சு முட்டியதில்லை. கதவு திறந்தேதான் கிடந்தது. மகள் மெல்லத் தேறினாள். கால் வற்றியது. ஓடத் தொடங்கினாள்.

ஜப்பான்காரன் தோற்றுச் சண்டை முடிந்து, சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். எங்கள் தோட்டத்துக்கு மிகச் சிலரே வந்தார்கள். அவர்களில் ஒருவர் அண்ணனை ஒரு ஆற்றோரக் கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னார். காலில் புண் வைத்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாராம். மறுநாள் இவர்களை வேறு முகாமுக்கு நடக்க வைத்துவிட்டார்களாம். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அதற்குமேல் தெரியாது.

நோட்டில் பேர் எழுதுவதும் லாரி வருவதும் நின்றுபோன இரண்டாவது மாதம் என் புருஷனின் கை மறுபடி நீண்டது. அன்றைக்கு எனக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை. லேபர் ஆபீஸ் திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு சிரம்பானுக்குப் போனேன். அதிகாரி கேட்டதை ஒரு தமிழ்க் கிளார்க் எனக்கு எடுத்துச் சொன்னார்.

"பிரிஞ்சு போனவங்க நீங்களாத்தான் திரும்பிப் போனீங்களா?"

"ஆமாங்க."

"யாரும் கட்டாயப்படுத்தல?"

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? "யாரும் கட்டாயப்படுத்தல," என்றேன்.

"புள்ளய வச்சு வளக்க ஒங்களுக்கு ஆண் துணை யாரு இருக்கா? அப்பா, அண்ணன் தம்பி?"

"ஒரு அண்ணன் இருந்தாரு."

அவர் அதை எழுதிக்கொண்டார். என் புருஷன் வந்து மறுப்புச் சொல்லாமல் சம்மதித்தார். அவருக்கு இனி நாங்கள் தேவைப்படவில்லை. பிள்ளை என்னிடம் இருக்கலாம், அவர் சம்பளத்தில் பிள்ளைக்கு ஒரு பங்கு என்று பேப்பர் கிடைத்தது. சில மாதம் அது வந்தது. பிறகு அவர் கெமாஸ் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் தேடவில்லை. இடது கையால் பால் வெட்டி மகளை வளர்த்தேன்.

அவளுக்குக் கல்யாணம் பேசிய சமயம், மாமா எப்படிப் போனார் என்று அவளே கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என்னாலதான் மாமா போனாரா?"

"ஒன்னால இல்ல. என்னால."

யோசிக்காமல் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டேன். அவளை அதிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது மனத்தில் இருந்தது. அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. எழுந்து போய் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி கலந்துகொண்டு வந்தாள். இரண்டு பேரும் குடித்தோம். அதன்பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை.