அலிபிரிப் படியில் நைனாவின் பாதம்

புதுத் தோலும் விளக்கெண்ணெயும் கலந்த வாசனைதான் முதலில் வீட்டுக்குள் வந்தது. பின்னால்தான் நைனா, என் அப்பா, வந்தார்.

எங்கள் பாலசமுத்திரம் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸோடு சேருமா என்று பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வண்டிச் சக்கரம் முழங்காலுக்குக் கீழே இடித்ததிலிருந்து நைனாவின் வலது பாதம் எழும்பாமல் தொங்கிப்போயிருந்தது. விரல்கள் தரையில் தட்டி உழவுசாலில் இரண்டு முறை விழுந்தவர், ஏரைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் கொடுத்ததை அவர் "பட்டை" என்றார். முழங்காலுக்குக் கீழே தோல்வார், இருபக்கமும் இரும்புக் கம்பி, அடியில் பூட்ஸ், அதன் நுனியை மேலே இழுக்கும் ஒரு சுருள்வில். வாசலில் ஓர் அடி எடுத்து வைத்தார். தொங்கிய பாதம் நிமிர்ந்தது. "தோ பாரு, தானா தூக்குது!" என்று அவர் கத்தினார்.

தினமும் காலையில் அதை மாட்டிவிடுவது அம்மாதான். அவர் நடந்தால் திருப்பதிக்குப் படியேறி வருவதாக வேண்டிக்கொண்டவளும் அவள்தான். மூவரும் போனோம்.

மலையடிவாரத்து அலிபிரியில் சில படிகள்கூட ஏறவில்லை, ஒரு பெரியவர் கையை நீட்டி மறித்தார். "தோலு பூட்லதோ கொண்ட எக்குதாவா?" தோல் பூட்ஸோடு மலையேறுவாயா என்று அவர் தெலுங்கில் கேட்டதும் கூட்டம் நின்று பார்த்தது. நைனாவுக்கு முகம் கறுத்துவிட்டது. உட்கார்ந்து பட்டையைக் கழற்றினார். பாதம் மறுபடி தொங்கியது.

"திரும்பிப் போய்டலாம்" என்றார்.

"சும்மா இரு" என்றாள் அம்மா. புதுப்புடவையின் முந்தானையை நீளமாகக் கிழித்து, விரல்களுக்கு அடியில் கொடுத்து, வில் இருந்த வழியிலேயே மேலே இழுத்து, வார் இருந்த இடத்தில் முடிந்தாள். "இப்ப எழுந்துரு."

நைனா எழுந்தார். பாதம் நிமிர்ந்தே இருந்தது. ஆஸ்பத்திரி இரும்பால் செய்ததை அவள் துணியால் செய்துவிட்டாள்! மறித்த பெரியவருக்கே குரல் இறங்கிவிட்டது: "வேஸ்கோ நாயனா, பர்வாலேது." பூட்ஸைப் போட்டுக்கொள், பரவாயில்லை என்கிறார்.

"வேணாம் சாமி, இதுவே போதும்" என்றார் நைனா.

முடிச்சு தளரத் தளர அம்மா குனிந்து கட்டினாள். பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. துணி அறுத்த இடத்தில் நைனாவின் தோல் சிவந்திருந்தது. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டியவர், அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இருவரும் இப்போது இல்லை. அந்த மாதிரி இரும்புப் பட்டையும் எங்கும் கண்ணில் படுவதில்லை. போன மாதம் அதே படியில் ஓர் இளம்பெண், கெண்டைக்காலை ஒட்டிய மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையோடு ஏறிக்கொண்டிருந்தாள். யாரும் மறிக்கவில்லை, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும், நிமிர்ந்தே இருந்த அந்தப் பாதத்தைப் பார்த்தபடி, வெகுதூரம் அவள் பின்னாலேயே ஏறினேன்.