கன்னியம்மாவின் கால்மீது நான் போட்ட பழி

கன்னியம்மாவின் சைக்கிளைக் கெடுத்தவள் நான்தான். அவள் கால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இதை இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் யாரோ, நான் யாரோ. அதனால்தான் சொல்ல வருகிறது. அழுதுகொண்டே சொல்வேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நான் கர்வக்காரி. அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிர்கிறது!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் கிளம்பிய பெண்கள் நாங்கள். பெண் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனோம். கூட்டிப்போனவர் எங்கள் டீச்சர். பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பும்போது, டீக்கடையில் நின்ற ஒருவர், "இதுங்க வந்தவாசி கூட தாண்டாது, பாத்துக்கினே இரு" என்று கிண்டல் செய்தார். அன்று பொழுது சாய்வதற்குள் நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம்!

குழுவுக்கு மெக்கானிக் நான். என் அப்பா சைக்கிள் கடைக்காரர்; பென்சில் பிடிக்கும் முன்பே ஸ்பேனர் பிடித்தவள். யார் வண்டிக்கு என்ன வந்தாலும், "செல்வி கிட்ட குடு" என்பார்கள். அந்த வார்த்தை என் காதுக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

இன்னொரு ஆசையும் இருந்தது. முன்வண்டி! கொடி கட்டிய அந்த வண்டிதான் ஒவ்வொரு ஊருக்குள்ளும் முதலில் நுழையும். ஆரத்தி, மாலை, மைக் எல்லாம் முன்வண்டிக்காரிக்குத்தான். "விழுப்புரம் வரைக்கும் எல்லாரும் இஷ்டம்போல ஓட்டுங்க. யாரு கால் தாங்குதுன்னு பாத்து அங்க முடிவு பண்றேன்" என்று டீச்சர் சொல்லியிருந்தார். அது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

முதல் நாளே கன்னியம்மா என்னை முந்திவிட்டாள்.

திருமுக்கூடல் பக்கம், ஊருக்கு வெளியே இருந்த இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவள். கூலி வேலைக்கு எவ்வளவு தொலைவானாலும் சைக்கிளிலேயே போய் வருவாள். அண்ணனுடைய பழைய ஆம்பளை வண்டி; பெல் கூடக் கிடையாது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் ஏறி மிதித்தாள் என்றால்... அப்பப்பா! வந்தவாசி ரோட்டில் என்னைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, மாட்டு வண்டிக்கெல்லாம் வழி வுட்டுக்கினு வர்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. குடிசையிலிருந்து வந்தவள் எனக்கு முன்னால் போவதா? ஆம், அப்படியேதான் நினைத்தேன். போகிற ஊரிலெல்லாம் எல்லோரும் சமம் என்று தொண்டை கிழியக் கத்திய அதே நான்!

மறுநாள் காலை, திண்டிவனத்தைத் தாண்டி ஒரு பம்புசெட்டில் எல்லோரும் குளிக்க இறங்கினார்கள். கன்னியம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என்னிடம் நிறுத்தினாள்.

"யக்கா, முன்னாடி சக்கரம் லேசா ஆடிக்கினு கீது. ஒரு தபா பாரேன்."

பார்த்தேன். கோன் தளர்ந்திருந்தது. சக்கரத்தின் அச்சில் பேரிங் குண்டுகளை அணைத்துப் பிடிக்கிற சின்ன இரும்பு அது. தளர்ந்தால் சக்கரம் ஆடும். அளவுக்கு மீறி இறுக்கினால் சக்கரம் சுழல அடம் பிடிக்கும். கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது. மிதிக்கிற கால்தான் அனுபவிக்கும்.

எனக்கா அளவு தெரியாது? தெரிந்தேதான் முறுக்கினேன். முன் சக்கரம் போதாதென்று, கேட்காத பின் சக்கரத்தையும் முறுக்கினேன்! கையைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சு, எடுத்துக்கோ" என்றேன். "நீ கை வெச்சா போதும்க்கா" என்று சொல்லிவிட்டு ஈரத் தலையோடு ஏறிப் போனாள்.

விழுப்புரத்துக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. ஆனால் கவனியுங்கள்... வந்து சேர்ந்தாள்! அந்தச் சக்கரங்களோடு நானாக இருந்தால் பாதி வழியிலேயே வண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் ஒரு மேட்டில்கூட இறங்கித் தள்ளவில்லை. அதை நினைத்தால் எனக்குப் பெருமை பொங்குகிறது. அதைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்கிறீர்களா? கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள்.

"வண்டி மேல தப்பு இல்ல டீச்சர். யக்கா இப்பதான் சரி பண்ணிச்சி. என் காலுதான் பேஜார் பண்ணுது" என்றாள். டீச்சர் கொடியை என் வண்டியில் கட்டினார்.

சாப்பிட்டு முடித்ததும் கோனைத் தளர்த்திவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக! அதற்குள் அவள் முடிவெடுத்துவிட்டாள்.

"தூரம் போறதுக்கு இந்த ஒடம்பு ஆவாதுக்கா. நான் வூட்டுக்குப் போறேன். உங்களுக்கு இன்னாத்துக்கு பாரமா?"

அழுதாள். அந்த வாயாடி அழுது நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். கொடி என் கையைவிட்டுப் போயிருக்கும். என் பெயரும் நாறியிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்துச் செய்தது அதைவிடக் கேவலம். பஸ் மேல் ஏற்றுவதற்கு முன், "இரு, காத்து பாத்துட்டுத் தர்றேன்" என்று வண்டியை ஓரமாகத் தள்ளிப்போய் இரண்டு கோனையும் சரியான அளவுக்குத் தளர்த்தினேன். ஊரில் என் அப்பா கைக்கு வண்டி போனால் ஒரு சுற்றிலேயே கண்டுபிடித்துவிடுவாரே! உத்திரமேரூரில் இறங்கி அவள் வீட்டுக்கு மிதித்தபோது சக்கரம் சுகமாகச் சுழன்றிருக்கும். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு தன்னிடம்தான் என்று அப்போது முழுசாக நம்பியிருப்பாள். முதலில் செய்ததைப் பொறாமை என்று சொல்லிக்கொள்கிறேன். இதற்கு என்ன பெயர் வைப்பது?

நான் கன்னியாகுமரி போனேன். திருச்சியிலும் மதுரையிலும் கொடியோடு முதலில் நுழைந்தேன். கடலைக் கண்டதும் 'ஓ' என்று கத்தினேன். அந்தப் பெருமையை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது... என்னாலேயே முடியவில்லை.

வருஷங்கள் ஓடின. அப்பாவுக்குப் பின் கடை என்னுடையதாயிற்று. பிளஸ் ஒன் படிக்கும் பெண்களுக்கு சர்க்கார் சைக்கிள் வந்துவிட்ட காலம். ஒரு மத்தியானம் கன்னியம்மா தன் மகளோடு கடைக்கு வந்தாள். நெடுந்தூர சைக்கிள் போட்டிக்கு அந்தப் பெண்ணைப் பள்ளியில் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். நின்ற இடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லுக்கா இதுக்கு. நம்ம ஒடம்புக்கு தூரம் ஆவாதுன்னா கேக்க மாட்டேங்குது. விழுப்புரத்துல என் காலு இன்னா ஆச்சுன்னு நீதான கண்ணால பாத்த?"

பெண் என் முகத்தையே பார்த்தாள். நான் மறுத்துச் சொல்வேன் என்று எவ்வளவு நம்பிக்கை அந்தக் கண்ணில்!

"ஆமாம்மா... ரொம்ப வீங்கிப் போச்சு" என்றேன்.

குதிப்பது நின்றது. அவள் அந்தப் போட்டிக்குப் போகவே இல்லை.

அன்று அம்மாவைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு அந்தப் பெண்தான் வண்டியை எடுத்தாள். கடைத்தெரு மேட்டில், இரண்டு ஆள் பாரத்தோடு, சீட்டை விட்டு எழாமலே மிதித்து ஏறினாள். அப்படியே கன்னியம்மாவின் மிதி! பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கூப்பிடவில்லை.