சின்ன லாரியின் சூட்டு முள்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை காலியான ஆண்டில் நானும் தர்மபுரிக்குத் திரும்பினேன். ஒரு தினசரியில் ஒன்பது வருஷம் செய்தி எழுதியவன். அந்த அனுபவத்துக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஓடிய சின்ன ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் யுத்தத்துக்கென்று பெயர்த்துவிட்டதால், பத்திரிகைக் கட்டுகள் மொரப்பூர் ஸ்டேஷனோடு நின்றுபோயின. அவற்றைக் கொண்டுவர ஒரு வண்டி தேவைப்பட்டது.

ஏரியூரில் அக்கா வீட்டில் ஒரு வண்டி இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. இப்போது பிக்கப் என்கிறார்கள். அன்று எங்களுக்கு அது சின்ன லாரி. மாமா, அதாவது அக்காவின் கணவர், அதை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்றார். "ஒனக்குன்னுதான் குடுக்கறேன் மாப்பள. வெளியாளுக்கா குடுக்கறேன்?" சென்னையில் சேர்த்தது முழுவதும் அதற்குப் போயிற்று. புறப்படும்போது அக்கா எஞ்சின் முன்மூடியில் குங்குமம் வைத்தாள். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி மட்டும் அப்பப்ப மூடியத் தொறந்து பாத்துக்க தம்பி" என்றாள். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

டிரைவராக ஒருவரை வைத்தேன். நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார். மாமியார் வீடு மொரப்பூர் சாலையில் ஒரு சிற்றூரில்.

இரண்டாவது வாரத்தில் தொல்லை ஆரம்பித்தது. டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று இருந்தது. அதன் முள் நடுவில் நிற்கும். திடீரென்று சிவப்புக்குப் போகும். டிரைவர் வண்டியை ஓரம் கட்டுவார். பத்து நிமிஷத்தில் முள் இறங்கிவிடும். சில நாள் வண்டியை நிறுத்தாமலே, ஒரு பள்ளத்தில் குலுங்கி எழுந்ததும் தானாக இறங்கும். சில நாள் ஏறவே ஏறாது. பத்திரிகை ஏஜெண்டு ஏழரை மணிக்குள் கட்டு வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். நாலு தடவை தவறியதும், இன்னொரு முறை என்றால் வேலையைப் பஸ்காரரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் விசாரித்தேன். நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், இடம், முள் நின்ற நிலை எல்லாம் குறித்தேன். ஏழு குறிப்புகள் சேர்ந்தன. அவற்றில் ஐந்து, டிரைவரின் மாமியார் ஊருக்கு ஒரு மைலுக்குள். அவர் வண்டியை ஓரம் கட்டிய நாட்களில் இரண்டு முறை அந்த வீட்டிலிருந்து மோர் வந்தது. மீட்டரை ஏதோ செய்து, அவர் நினைத்த இடத்தில் நிறுத்துகிறார் என்று முடிவுக்கு வந்தேன். அந்த ஊருக்கு முன்னால் ஒரு நீண்ட ஏற்றம் இருப்பதை நான் குறிக்கவில்லை.

ஸ்டேஷன் எதிரில் டீக்கடையில் வைத்து அதை டிரைவரிடம் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பக்கத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எம்மேல சந்தேகமுங்களா?"

அவர் எழுந்து போய் வண்டியின் முன்மூடியைத் தூக்கினார். மீட்டரிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் எஞ்சினுக்குள் போகிறது. அதன் நுனியில் உள்ள குமிழ், எஞ்சினின் வெந்நீரில் நின்று சூட்டை வாங்கும். அவர் அந்தக் குமிழைக் கழற்றி, கடைக்காரரிடம் கொதிக்கும் வெந்நீரை ஒரு குவளையில் வாங்கி, அதில் தோய்த்தார். முள் சிவப்புக்குப் போய் அசையாமல் நின்றது. பச்சைத் தண்ணீரில் தோய்த்தார். இறங்கியது. மூன்று முறை செய்தார். மூன்று முறையும் ஒரே மாதிரி.

"முள்ளு நெசத்தத்தான் சொல்லுதுங்க. உள்ள என்னமோ கெடக்குது."

ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வளைத்த கம்பியை விட்டுத் துழாவினார். முதலில் சாம்பல் நிறத்தில் கூழ் வந்தது. முகர்ந்து பார்த்தேன். கேழ்வரகு. நடுவழியில் ரேடியேட்டர் ஒழுகினால் எங்கள் பக்கத்து டிரைவர்கள் கேழ்வரகு மாவைக் கொட்டுவார்கள். வெந்நீரில் வெந்து ஓட்டையை அடைக்கும். ஊர் சேர்ந்ததும் கழுவிவிட்டு ஓட்டைக்கு ஈயப் பற்று வைத்துக்கொள்வார்கள். அடுத்துக் கம்பியில் மாவு கட்டிய ஒரு துணி முடிச்சு வந்தது. பாதி அவிழ்ந்திருந்தது. தண்ணீர் இறங்கும் குழாய் வாய்களின் மேல் அது படிந்தால் சூடு ஏறும். குலுங்கி விலகினால் இறங்கும். அவ்வளவுதான் விஷயம்.

டிரைவர் துணியைப் பிழிந்து மட்கார்டின் மேல் விரித்தார். "டிரைவரா இருந்தா மாவ அப்பிடியே கொட்டியிருப்பானுங்க. இது யாரோ வூட்டுப் பொம்பள செஞ்சது. கொழந்தைக்குக் கேவுருப் பால் புழியற மாதிரி கட்டியிருக்குது பாருங்க."

நான் முடிச்சைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலத்தில் வெள்ளைப் புள்ளி, மில் துணி. முந்தின பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டுபோனபோது சென்னையில் ஒரு கடையில் நானே பொறுக்கி எடுத்த ரவிக்கைத் துணி. ஏரியூர்ச் சந்தையில் அது கிடைக்காது.

ஓட்டையை மறைக்க இதை மாமா செய்திருந்தால் வியாபாரம் என்று விட்டிருப்பேன். மாவைச் சலித்து, துணியை அளந்து கிழித்து, முடிச்சுப் போட்டது அவள் கை. அதே கைதான் குங்குமம் வைத்தது. அப்போது மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னாளே, அது எச்சரிக்கையா, குற்ற உணர்ச்சியா, தண்ணீர் குறையும் என்று தெரிந்த ஜாக்கிரதையா? இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நான் எந்த வகையிலும் சேர்க்க முடியவில்லை.

டிரைவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவர் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, வழியில் நாலு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, ஏழு இருபதுக்குத் தர்மபுரி சேர்த்தார். அன்று மத்தியானம் ரேடியேட்டரைக் கழற்றினோம். மூன்று இடத்தில் பழைய ஓட்டை. ஈயம் வைத்த பிறகு முள் நடுவை விட்டு நகரவில்லை. மோர் மட்டும் நின்றுபோயிற்று. மாமியார் ஊர் வந்தால் அவர் வண்டியை இன்னும் வேகமாக விடுவார்.

பொங்கல் வந்தது. தம்பி சீர் கொண்டுபோகாமல் இருக்க முடியாது. ஊர் என்ன என்று கேட்கும். அரிசி, வெல்லம், கரும்பு, புடவை எல்லாம் அதே வண்டியில் ஏற்றிப் போனேன். மாமா வீட்டில் இல்லை. சந்தைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அக்கா வாசலுக்கு வந்தாள். அவள் கண் முதலில் என் முகத்துக்கு வரவில்லை. ரேடியேட்டர் மூடிக்குப் போனது.

"வண்டி சூடாவுதா தம்பி?"

"இப்ப ஆவறதில்லக்கா."

அவள் தலையை அசைத்தாள். சீர்த்தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வழக்கமாகப் புடவையின் மேல் நான் வைக்கும் ரவிக்கைத் துணி அதில் இல்லை. மற்ற வருஷங்களில் அதைத்தான் முதலில் எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பாள். அன்று ஏன் இல்லை என்று கேட்கவில்லை. தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெகுநேரம் வெளியே வரவில்லை.