துளுக்காத கிடாய்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கால்நடை மருத்துவக் கல்லூரியில் மூளையும் மண்டை நரம்புகளும் நடத்துகிறவனுக்கு வாய் இல்லாவிட்டால் வகுப்பு தூங்கிவிடும் என்று பெருமை பேசித் திரிந்தேன். அந்த வாய்க்கு ஒரு நாள் பூட்டு விழுந்தது.

ஆட்டுத் தலைகள் வழக்கமாகக் கறிக்கடையிலிருந்து வரும். அன்று ஒன்று மட்டும் பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. ஆய்வக உதவியாளர்தான் கொண்டுவந்தார்.

"கோயிலுக்கு நேந்துவுட்ட கெடாய்ங்க. மூணு தரம் தண்ணி தெளிச்சும் துளுக்கவே இல்லீங்களாம். ஊட்டுக்கு ஓட்டிட்டு வந்து கட்டுனாங்க, விடியறதுக்குள்ள செத்துப்போச்சு. பொதைக்கறதுக்கு முன்னால தலைய நான் கேட்டு வாங்கியாந்தனுங்க."

முதலாண்டு மாணவி ஒருத்தி அந்த மண்டையை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அப்பா அம்மா இருவருக்கும் இங்கே பனியன் கம்பெனியில் வேலை. "துளுக்குறதுன்னா என்ன சார்?" என்று கேட்டாள்.

வெட்டுவதற்கு முன் கிடாய்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், அது சிலிர்த்துத் தலையை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று கணக்கு, என்றேன். உதறவைப்பது சாமி இல்லை, நரம்பு என்று போர்டில் படமும் போட்டேன்.

"அப்ப இது ஏன் சார் உதறல?"

"சாமிக்கு அன்னைக்கு விரதமா இருக்கும்."

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவள் ரம்பம் நழுவி, கையுறை கிழிந்து, விரலில் ரத்தம் வந்தது. மேசை துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட்டில் சுத்தமானதாக ஒன்றை எடுத்து நான் அழுத்திப் பிடித்தேன்.

உதவியாளர் சாவகாசமாகச் சொன்னார்: "வாயக்கூட மூடலீங்களாம். எச்சி ஒழுக ஒழுகச் சும்மா நின்னுதாம்."

தாடையை மூடவைப்பது ஐந்தாம் நரம்பு. போர்டில் என் கையெழுத்திலேயே அது இருந்தது. தொங்கிய தாடை, ஒழுகும் எச்சில்: வெறிநோய். மேசையில் கிடந்த தலையைப் பார்த்தேன். அதன் வாய் அப்போதும் திறந்தே இருந்தது.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் அவள் விரலைக் கழுவவைத்தேன். மாணவர்களுக்கு முன்கூட்டியே போடும் வெறிநோய்த் தடுப்பூசி அவளுக்கு இன்னும் போட்டிருக்கவில்லை. அன்றே எல்லோருக்கும் ஊசி, எனக்கும்தான். மூளையைச் சோதித்த முடிவு நான் பயந்தபடியே வந்தது.

ஊசிகள் முடிந்தும் என் பயம் முடியவில்லை. நான் அடித்த கிண்டலுக்கு அவள் உயிர் போய்விடுமோ என்று மாதக்கணக்கில் வெந்தேன். வகுப்பில் அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் என் பாடம் நின்றுவிடும். வெறிநோய் கண்டவருக்குத் தண்ணீர் இறங்காது; அவளுக்குத் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்ப்பேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ, நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஒரு மதியம் ஆய்வகக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நிற்பது தெரிந்ததும் இரண்டு கை தண்ணீரைத் தலையில் ஊற்றி, படபடவென்று உதறினாள்.

"துளுக்கிட்டேன் சார். நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இனி பாக்காதீங்க."

உதவியாளர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "அப்படிச் சொல்லாத கண்ணு," என்றார். "துளுக்குனா, வெட்டிக்கோன்னு அர்த்தம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

"ஒரு வாய் குடிம்மா," என்றேன்.

அது தொண்டையில் இறங்கும்வரை நான் மூச்சு விடவில்லை.