பதினான்காவது மாடு

1987 மார்ச் 31, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வானத்தில் மேகமில்லை, ஓசூர்க் குளிர் விலகி வெயில் உறைக்கத் தொடங்கியிருந்தது. பேரிகைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் எங்கள் ஜீப் நின்றபோது வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு கொதிக்கும் வாசனை. மாட்டுக் கொட்டகைகளின் படல்கள் மட்டும் சாத்திக் கிடந்தன. பதினொரு படல்கள், எண்ணினேன்.

அப்போது நான் அந்த வட்டாரத்தில் ஊரக வளர்ச்சி முகமை ஒன்றில் கணக்காளர். ஏழைக் குடும்பங்களுக்குக் கறவை மாடு வாங்கித் தர அரசு தரும் மானியம், நிதியாண்டு முடிய நான்கே நாள் இருக்கும்போது வந்து சேர்ந்தது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவிட்டு, மாடுகள் பயனாளிகளிடம் ஒப்படைக்கப்பட்டன என்று சான்று அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். சனிக்கிழமை கால்நடை மருத்துவர் அந்தச் சிற்றூரில் விற்பனைக்கு இருந்த மாடுகளைப் பார்த்துப் பதினான்கைத் தேர்ந்தெடுத்தார். ஞாயிறு அமாவாசை, திங்கள் யுகாதி. ஆகவே செவ்வாய் என்று நானே நாள் குறித்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். யுகாதி ஒரு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

எங்கள் விரிவு அலுவலர், நாங்கள் எல்லோரும் அம்மா என்று அழைப்பவர், அந்தப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், அறிக்கைக்குத் தமிழ். பண்டிகை விடுப்பில் இருந்த அவரைக் கேட்காமலே நாள் குறித்த கடிதங்களை அனுப்பிவிட்டேன். சேதி கேட்டு, சமையலைப் பாதியில் விட்டு எனக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தார்.

"யுகாதிக்கு மறுநா கறி ஆக்கித் தின்னுற வருசத் தொடக்கு சார் இன்னிக்கு. இன்னிக்கு என்ன நடக்குதோ அதான் வருசம் பூரா நடக்கும்னு இந்த ஊர்ல நெனப்பாங்க. எவன் மாட்ட அவுத்து வெளிய உடுவான்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

கேட்டிருக்கலாம். பயனாளிகளான பதினான்கு பெண்கள் புளியமரத்தடியில் ஆளுக்கொரு புதுக் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மைல் நடந்து வந்தவர்கள். பட்டியலில் கடைசிப் பெயருக்குரியவள் கூலி வேலைக்குப் போகிறவள். அவளுடைய விண்ணப்பத்துக்கு அது மூன்றாவது ஆண்டு. "இந்த வருசமும் கயித்தோடதான் போவணுமா சார்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மா வீடு வீடாகப் போனார். வாசலுக்கு உள்ளே போய் நின்றுதான் பேச வேண்டும் என்பது அவருடைய வழக்கம். வாசலில் நின்று பேசுபவனுக்கு வாசலில் கிடைக்கும் பதில்தான் கிடைக்கும் என்பார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, மாடு போகக் கூடாதே தவிர இன்று பணம் வருவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றார். "காசோலைய இன்னிக்குக் குடுங்க. காதுல நம்பர் வில்லையும் போட்டுருவோம். மாடு இங்கியே ராத்தங்கிட்டு நாளைக்குப் பொறப்படட்டும்."

"அப்படியென்றால் ஒப்படைத்தாயிற்று என்று நான் எப்படிச் சான்று எழுதுவது?"

"வில்ல போட்டாச்சுன்னா மாடு அவங்களுது. பொண்ணுக்குத் தாலி கட்டியாச்சு, அனுப்பறது நாளைக்குன்னா கல்யாணம் ஆவலைன்னா சொல்லுவீங்க?"

சொல்லத்தான் விரும்பினேன். ஒரு மாடு குறைந்தாலும் என் வேலைக்குத்தான் ஆபத்து. புளியமரத்தடியைப் பார்த்தேன். பிறகு ஜீப்பின் முகப்பில் தாளை வைத்து, பதினான்கு மாடுகளும் ஒப்படைக்கப்பட்டன என்று எழுதிக் கையொப்பமிட்டேன். சாட்சியாக அம்மா கையொப்பமிட்டார்.

மறுநாள் பதின்மூன்று மாடுகள் கிளம்பிப் போயின. பதினான்காவது, அந்தக் கூலிப் பெண்ணுக்குரியது, அன்று விடியற்காலையில் கன்று ஈன்றிருந்தது. ஈன்ற மாட்டைப் பதினோரு நாளைக்குக் கட்டுத்தறி மாற்ற மாட்டோம் என்றார் விற்றவர். பணமும் அவரிடம், மாடும் அவரிடம், என் கையொப்பம் மேலிடத்திடம். மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இரவில் அவிழ்த்து எல்லைக்கு அந்தப்புறம் ஓட்டிவிட்டால்? கர்நாடகம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதற்கடுத்த நாளிலிருந்து அலுவலகம் முடிந்ததும் தினமும் பேருந்து ஏறிப் போய் மாட்டையும் காதிலிருந்த வில்லையின் எண்ணையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். "மாமியார் வூட்டுக்கு வர்ற புதுமாப்ள கூட இப்பிடித் தெனமும் வர மாட்டான் சார்" என்று விற்றவர் சிரித்தார். சிரித்தபடியே தீவனத்துக்கு நாளுக்கு ஐந்து ரூபாயும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் இடமில்லை.

பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண் தன் கயிற்றைக் கொண்டுவந்து மாட்டை ஓட்டிப் போனாள். கன்று பின்னால் ஓடியது. மண்பாதை திரும்பும் வரை நின்று பார்த்த அம்மா, "பதினஞ்சா எழுதிக்குங்க சார், கன்னையும் சேத்து" என்றார்.

இப்போது அந்தச் சாலையில் பேருந்தில் போனால் இருபுறமும் தொழிற்சாலைச் சுவர்கள். வேலையாட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளில் எங்கள் திருநெல்வேலிப் பேச்சும் கேட்கிறது. அம்மா ஓய்வு பெற்று, உடல் நலிந்து, போன மாசியில் போய்விட்டார். துக்கத்துக்குப் போயிருந்தேன். மூன்று மொழிகளில் அழுதுகொண்டிருந்தார்கள்.

மாட்டை அனுப்பிய அன்று திரும்பும் பேருந்தில் அவர் கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு, "நெசமா சொல்லுங்க சார், உங்களுக்கு எவ்ளோ ஆச்சு?" என்று கேட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள், என்னைவிடக் குறைந்த சம்பளம். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் பையை மூடினார். முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் தெரிந்தே நான் சொன்ன பொய்க்கணக்குகள் இரண்டு. ஜீப்பின் முகப்பில் எழுதியது ஒன்று, இது மற்றொன்று. முதலாவது பன்னிரண்டு நாளில் உண்மையாகிவிட்டது. இரண்டாவதை இன்று திருத்திவிடுகிறேன். தீவனம் பதினோரு நாளைக்கு ஐம்பத்தைந்து ரூபாய். பேருந்து, போகவர ஐந்தரை வீதம் பதினோரு முறை, அறுபது ரூபாய் ஐம்பது காசு. ஆக மொத்தம் நூற்றுப் பதினைந்து ரூபாய் ஐம்பது காசு.