ஜெனரேட்டரை நிறுத்தியவன்

என் மச்சானின் கேரவன் வண்டியில் இருந்த ஜெனரேட்டர் முதல் தடவை தானாகத்தான் நின்றது. அதற்குப் பிறகு நின்ற ஒவ்வொரு தடவையும் அதை நிறுத்தியவன் நான். இதை அவனிடமும் என் மனைவியிடமும் வாயால் சொல்லிவிட்டேன். ஆனால் சொல்லும்போது பல இடங்களில் தயங்கி, எனக்குச் சாதகமாக வளைத்துத்தான் சொன்னேன். எழுதும்போது அது முடியாது என்பதால் எழுதுகிறேன்.

மச்சான் என்றது என் மனைவியின் தம்பியை. வில்லியனூருக்கு வெளியே பட்டறை வைத்திருக்கிறான். டிராக்டர், ஆயில் இன்ஜின், நெல் அறுக்கும் மிஷின் எல்லாம் அவனிடம் வரும். எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஓடவிட்டுக் கேட்பான். கேட்டுவிட்டு, இன்னது போயிருக்கிறது என்பான். அந்தக் காதை நம்பித்தான் சனங்கள் அவனிடம் போனார்கள்.

போன வருடம் அவன் ஒரு பழைய கேரவனை வாங்கி வந்தான். சினிமாப் படப்பிடிப்புகளுக்கு ஓடி ஓய்ந்த வண்டி. உள்ளே கட்டில், கழிப்பறை, ஏசி எல்லாம் உண்டு. அவற்றுக்குக் கரண்ட் கொடுக்க வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் டீசல் ஜெனரேட்டர். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவது அவன் யோசனை. ஆனால் முதல் ஓட்டம் அவன் அக்காவுக்கு என்று முடிவு செய்திருந்தான். போகும் இடம் மாஹே, கேரளக் கரையில் இருக்கும் புதுச்சேரி அரசின் ஊர்.

மாஹேயில் நான் சில வருடங்கள் இருந்தவன். அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அங்கே மாற்றல் வந்தது. மனைவி பாகூரில் என் பெற்றோருடன் இருந்தாள். தன்னையும் கூட்டிப்போகச் சொல்லி ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்பாள். குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது, ஓயாத மழை, குடும்பம் வைக்க லாயக்கில்லாத இடம் என்று சொல்லிவந்தேன். எல்லாம் பொய். அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்களில் எல்லாரும் குடும்பத்தோடுதான் இருந்தார்கள். எனக்குத் தனியாக இருப்பது பிடித்திருந்தது. வேறு பெண் யாரும் இல்லை. இருந்திருந்தால் ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

நம் பக்கம் கடலிலிருந்து சூரியன் ஏறும், அங்கே கடலுக்குள் இறங்கும் என்று அந்த நாளில் ஒரு முறை சொன்னேன். அதை அவள் மறக்கவில்லை. இப்போது அவளுக்கு முழங்கால் பஸ் படி ஏற விடாது. தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு சுவாச மிஷின் வேண்டும். கரண்ட் போனால் மிஷின் நிற்கும், திணறி எழுந்துவிடுவாள். படுத்துக்கொண்டே போக ஒரு வண்டி, அதில் நிற்காத கரண்ட். இவை இரண்டும் இருந்தால்தான் அவளால் மாஹேயைப் பார்க்க முடியும்.

வண்டி எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் வந்து நின்ற அன்றுதான் எனக்கு விஷயமே தெரியும். அக்காவும் தம்பியும் இரண்டு மாதமாகப் பேசிவைத்திருக்கிறார்கள்.

"இன்னா மாமா, எப்பிடி நம்ம பங்களா?" என்றான் மச்சான், வண்டியைத் தட்டிக்கொண்டே. "அக்காவ மகாராணி கணக்கா கூட்டினு போறேன் பாரு."

"நானு?" என்றேன் மனைவியைப் பார்த்து.

"உங்களுக்கு மெஸ்ஸுல சொல்லிட்டேங்க. மூணு வேளையும் கேரியர்ல வந்துடும்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பால்காரரிடம் சொல்லிவைத்ததைச் சொல்வது போல.

அந்தக் கேரியர் என்னைக் குத்தியது. நான் வருவேனா என்று கேட்கக்கூடத் தோன்றாத அளவுக்கு அவள் முடிவு செய்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து என்னை ஏமாற்றியதாக நினைத்தேன். கூடவே பயம். அங்கே போனால் அந்தக் குவார்ட்டர்ஸைப் பார்ப்பாள், யாரிடமாவது கேட்பாள். அவமானத்தைவிட அந்தப் பயம்தான் பெரியது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

புறப்படுவதற்கு முன் ஜெனரேட்டரை ஏசி போட்டு ஓட்டிப் பார்த்தான். அரை மணிபோல் ஓடி, இரண்டு முறை இருமி, மூச்சுவாங்கி நின்றது. "டீசல் வரல," என்றான் கேட்டவுடனே. டேங்குக்குக் காற்றுப் போகும் சின்னக் குழாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. சைக்கிள் கம்பியால் குத்தி எடுத்தான். அதன் பிறகு நன்றாக ஓடியது. ஆனால் அன்று அவன் சொன்ன ஒரு வார்த்தை என் மனத்தில் விழுந்தது. "இது நம்பிக்கையா ஓடுற வரைக்கும் கிளம்ப வேணாம்க்கா. நீ ஒரு வாரம் பொறு."

மறுநாள் என்னை உள்ளே உட்காரச் சொன்னான். "மாமா, படிச்ச ஆளு நீ. அந்த மீட்டர மட்டும் பாத்துனு இரு. முள்ளு எறங்குச்சுனா கொரல் குடு." கட்டிலுக்குத் தலைமாட்டில் வோல்ட் மீட்டர் இருந்தது. அதற்குக் கீழே ஜெனரேட்டரின் சுவிட்ச். மேலே தள்ளினால் ஓடும், கீழே அழுத்தினால் நிற்கும், கையை எடுத்தால் நடுவுக்குத் திரும்பிவிடும். அவன் வெளியே பெட்டியருகில் குந்தியிருந்தான். நான் கீழே அழுத்தினேன்.

"முள்ளு எறங்கிடுச்சு மாப்ளே!" என்று குரல் கொடுத்தேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. டீசல் ஃபில்டரை மாற்றினான். ஆயில் குறைந்தால் இன்ஜினைத் தானாக நிறுத்தும் சென்சாரை மாற்றினான். சூடு ஏறினால் நிறுத்துவதைக் கழற்றிச் சோதித்தான். பேட்டரி முனைகளைத் தேய்த்தான். ஒயர் முழுவதையும் புதிதாக இழுத்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு நான் உள்ளே உட்கார்ந்தேன். சில நாள் வெகுநேரம் ஓடவிட்டேன். அவன் முகம் தெளியும்போது அழுத்தினேன்.

"முதல்ல நின்னது வேற மாமா," என்றான் ஒரு நாள், கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே. "அது மூச்சு முட்டி நின்னுச்சு. இது அப்பிடி இல்ல. யாரோ கைய வெச்சு அணைச்ச மாதிரி டக்குனு நிக்கிது."

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருந்த சுவிட்சின் மேலும் அவனுக்குச் சந்தேகம் வந்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டினான். சாயங்காலம் வரை ஓடியது. "மாட்டிச்சு திருடன்!" என்று கத்தினான். என் மனைவி அன்று கேசரி கிண்டினாள். நானும் சாப்பிட்டேன். புது சுவிட்ச் வாங்கிவந்து மாட்டினான். இரண்டு நாள் பொறுத்திருந்து, புது சுவிட்சையும் அழுத்தினேன்.

அதற்குமேல் யோசித்திருந்தால் கண்டுபிடித்திருப்பான். சுவிட்ச் இருந்தால் நிற்கிறது, இல்லாவிட்டால் ஓடுகிறது, சுவிட்ச் பக்கத்தில் எப்போதும் ஒரே ஆள். ஆனால் அவன் குழாயைச் சந்தேகப்பட்டான், ஒயரைச் சந்தேகப்பட்டான், கடைசியில் தன் காதையும் சந்தேகப்பட்டான். என்னைச் சந்தேகப்படவில்லை. என் கல்யாணத்தின்போது அவன் அரைக்கால்சட்டை போட்டவன். அன்றிலிருந்து நான் அவனுக்கு மாமா.

"வேணாம்க்கா," என்றான் முடிவாக. "நடு ரோட்ல நின்னுச்சுனா உன் மூச்சுக்கு இன்னா பண்றது? என் கைய நம்பி உன்ன கூட்டினு போவ மாட்டேன்."

அவள் பையிலிருந்த புடவைகளை எடுத்து பீரோவில் அடுக்கினாள். மெஸ்ஸுக்கு போன் செய்து வேண்டாம் என்றாள். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். மழைக்காலம் போனது. அறுவடை நெருங்கும்போது ஏரிக்கரை டீக்கடையில் ஒரு கரும்புக்காரர் என்னிடம் கேட்டார். "இன்னா சார், உங்க மச்சானுக்குக் காது போயிடுச்சாமே? என் டிராக்டரத் தொடவே மாட்டேன்னுட்டான். வேற ஆள பாத்துக்கோ, எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் புரியலன்றான்." பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "சினிமா வண்டி வாங்குனான்ல, நடிகை சத்தம்தான் கேக்கும் போல."

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பட்டறையில் மச்சான் சும்மா உட்கார்ந்திருந்தான். வேலை நாளில் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. நின்றபடியே சொன்னேன். சுவிட்ச், கேரியர், மாஹே எல்லாவற்றையும். நான் சொல்லி முடித்த பிறகும் அவன் என்னைப் பார்க்கவில்லை. எழுந்துபோய்த் தார்ப்பாயை இழுத்துப்போட்டான். ஜெனரேட்டரை ஓடவிட்டான். இத்தனை மாதம் கழித்தும் சட்டென்று பிடித்துக்கொண்டது.

"உள்ள போயி உக்காரு," என்றான். "அன்னிக்கு நிறுத்துன மாதிரி நிறுத்து."

அழுத்தினேன். வெளியே அமைதி. பிறகு அவன் குரல்.

"இன்னொரு வாட்டி."

திரும்பவும் ஓடவிட்டான். திரும்பவும் அழுத்தினேன். நான் இறங்கி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் மேல் கை வைத்திருந்தான்.

"இதேதான்," என்றான் தனக்குத்தானே. "நான் அன்னிக்கே சொன்னேன், கைய வெச்சு அணைச்ச மாதிரின்னு." அப்புறம் என்னிடம் திரும்பினான். "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்."

அந்த 'சார்' இன்றுவரை மாறவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஜெனரேட்டர் விஷயத்தில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தக் குவார்ட்டர்ஸ் நெசமா எப்பிடி இருந்துச்சு?" என்றாள்.

"ரெண்டு ரூம். ஒழுகாது. பின்கட்டுல நின்னா கடல் தெரியும்."

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொங்கல் முடிந்து கிளம்பினார்கள். மச்சான், அவன் மனைவி, என் மனைவி. வண்டி வாசலில் நின்றபோது நானும் வருகிறேன் என்று கேட்டேன். கேட்பது எளிதாக இல்லை. அதை அவளுக்குச் செய்யும் பரிகாரமாகவும் நினைத்தேன், வெட்கமில்லாமல்.

"எடம் இருக்குது சார்," என்றான் மச்சான், சாவியைத் திருகிக்கொண்டே. "சுச்சு பக்கத்துலதான் எடம். அங்க உங்கள உக்கார வெக்க முடியாது."

மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கட்டிலில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

"மெஸ்ஸுக்குச் சொல்லியாச்சுங்க," என்றாள்.

போய்விட்டுத் திரும்பிவரும் வரை ஜெனரேட்டர் ஒரு முறையும் நிற்கவில்லை என்று கரும்புக்காரர் சொன்னார். மச்சான் இப்போது அவருடைய டிராக்டரைப் பார்க்கிறான். அந்தக் காதையாவது திருப்பிக் கொடுத்தேன் என்று நினைக்கப் பார்க்கிறேன். ஆனால் அது அவனுடையதுதான், நான் கொடுத்ததல்ல.

மனைவி என்னிடம் பயணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால், "நல்லா இருந்துச்சு" என்பாள். ஒரு நாள் நான் ஜன்னலோரம் படுத்திருந்தேன். அவள் மதில் அருகே நின்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். சூரியன் தண்ணீரைத் தொட்டதும் கரையிலிருந்த கூட்டம் அமைதியாகிவிட்டதாம். குவார்ட்டர்ஸ் வாசலில் ஒருத்தி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாளாம். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாளாம். இவள் பின்கட்டில் போய் நின்று கடலைப் பார்த்தாளாம். இவ்வளவு பேசுவாள் என்பதையே நான் மறந்திருந்தேன்.

"சாரும் வந்திருக்கலாம்ல? அவரு பாக்க வேணாமா?" என்றாள் அந்த அம்மா.

"அவருதான் முன்னாடியே பாத்துட்டாரே," என்றாள் என் மனைவி.